சிவப்புப் புள்ளிக்கு மேலே

புது டிவிகளில் சத்தம் பின்பக்கமாகத்தான் வருகிறது. இது பலருக்குத் தெரியாது. டிவியை ஒல்லியாக்கி ஒல்லியாக்கி, ஸ்பீக்கருக்கு முன்பக்கத்தில் இடமே இல்லாமல் போய்விட்டது. அது சுவரைப் பார்த்துப் பேசுகிறது, சுவர் நமக்குத் திருப்பிச் சொல்கிறது. சுவர் சொல்லி எவ்வளவு விளங்கும்? செய்தி வாசிப்பவர் வாயில் துணியை அடைத்துக்கொண்டு வாசிப்பது போலத்தான் இருக்கும். அதனால்தான் எங்கள் வீட்டில் டிவியை ஸ்டீரியோவோடு இணைத்தோம். அந்த வீட்டில் ஏன் அவ்வளவு சத்தம் என்றுதானே எல்லாரும் கேட்கிறார்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு சின்ன உதவி. அந்த ஃபைலை வாய்க்கு நேராகப் பிடிக்காமல் கொஞ்சம் கீழே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. முகம் பார்த்துப் பேசுவதுதான் எனக்குப் பழக்கம். நன்றி.

நான் முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்தவள். டாக்டர் இல்லை, டாக்டருக்கு முன்னால் ஒரு பெண் பெட்டிபோன்ற அறைக்குள் உட்காரவைப்பாளே, அவள். ஒரு ஆள் உட்காரத்தான் அதில் இடம். சுவரெல்லாம் மெத்தை, கனமான கதவு, ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே இருப்பவர் காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்துக் கதவைச் சாத்துவேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் மேஜை. நான் சத்தம் அனுப்புவேன். கேட்டால் அழுத்தவேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்கவேண்டும்.

சும்மா இருக்கத்தான் யாருக்கும் மனசு வராது. என் கையைக் கவனிப்பார்கள். கை அசைந்தால் அழுத்திவிடுவார்கள். அதனால் நான் பக்கவாட்டில் திரும்பித்தான் உட்காருவேன். வேலை கற்றுக்கொள்ள வரும் பெண்களுக்கு முதல் நாளே இரண்டு விஷயம் சொல்லிவிடுவேன். ஒன்று, கையைக் காட்டாதே. இன்னொன்று, காது போனவரிடம் “உங்களுக்குக் கேட்கவில்லையா” என்று கேட்காதே. கேட்காத சத்தம் அவரைப் பொறுத்தவரை அனுப்பாத சத்தம். அவர் பொய் சொல்லவில்லை. அவர் உலகத்தில் அது நடக்கவே இல்லை.

பாப்பா என் தங்கை. ஐம்பத்தெட்டு வயதில் பாப்பாவா என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. என்னைவிட எட்டு வயது இளையவள், அப்பா அம்மா போனபிறகு நான் வளர்த்தவள், வேறு எப்படிக் கூப்பிடுவது? நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றாள். நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருக்கும் வேலை என்பதால் வீட்டுக்கு வந்தால் பேசித் தீர்ப்பாள். கடைக்காரர் ஒன்று சொன்னால் அதை எனக்கு இன்னொரு தடவை சொல்வாள். டிவியில் ஒருவர் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்து அதையே திருப்பிச் சொல்வாள். போன் வந்தால் அவள்தான் எடுப்பாள். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம். நானும் தடுக்கவில்லை.

எங்கள் தெரு முனையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. அதை நடத்தியவர் மனைவியை இழந்தவர், நல்ல சட்டை போடுவார். பாப்பா படிக்கும் கண்ணாடியை மாற்றப் போனாள். ஒரு கண்ணாடிக்கு ஆறு தடவை கூப்பிட்டு அளவெடுத்தார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஒரு நாள் சாயங்காலம் வந்து என் எதிரே நின்றாள்.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். டிவியை நிறுத்திட்டுச் சொல்லவா?”

“நிறுத்தாமலே சொல்லேன்.”

“நிறுத்தினாத்தான் உனக்குக் கேக்கும்.”

நிறுத்தினாள். சொன்னாள். அவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாளாம். பதிவு அலுவலகத்தில் நாள் குறித்தாகிவிட்டதாம், அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை. கடைக்கு மேலேயே அவர் வீடு, இங்கிருந்து பத்து நிமிஷ நடைதான், தினமும் வந்துபோவாளாம். நான் சத்தம் போடவில்லை. பத்து நிமிஷம்தானே என்று நானும் சொன்னேன். ஆனால் பத்து நிமிஷம் என்பது என்ன என்று யோசித்துப் பார்த்தீர்களா? போன் அடிக்கிறது, யார் எடுப்பது? கதவுக்கு வெளியே ஒரு ஆள் நின்று ஏதோ சொல்கிறான், என்னவென்று யார் சொல்வது? இதையெல்லாம் எனக்காகச் சொல்லவில்லை, ஒரு வீடு எப்படி நடக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அவளுக்கும் என்னை விட்டுப் போவது உறுத்தியிருக்கும். “ஒரு தடவை உன் காதைப் பார்த்துக்கயேன் அக்கா” என்று அதற்கு முன்பே ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊர்க் காதையெல்லாம் பார்த்தவள் நான், என் காது எனக்குத் தெரியாதா? இப்போது எல்லாரும் முணுமுணுக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் அவள் வேறு வழி பிடித்தாள். எங்கேயோ விசாரித்து, ஒரு ஒயரையும் ஒரு குட்டிப் பெட்டியையும் வாங்கிவந்தாள்.

டிவிக்குப் பின்னால் கட்டைவிரல் நகம் அளவு ஒரு சதுர ஓட்டை இருக்கிறது. அதற்குள்ளிருந்து சத்தம் வெளிச்சமாக வருகிறது. நிஜமாகத்தான், சிவப்பு வெளிச்சம், ஒயரின் நுனியில் பார்க்கலாம். எங்கள் ஸ்டீரியோவுக்கு வெளிச்சமெல்லாம் தெரியாது. அது பழைய ஆள். பின்னால் சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று இரண்டு ஓட்டைகள், இரண்டு பக்கமும் மர ஸ்பீக்கர், அதோடு சரி. இரண்டுக்கும் நடுவில் சமாதானம் பேசிவைக்கத்தான் அந்தப் பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.

பாப்பா தரையில் மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எல்லாவற்றையும் செருகினாள். படம் ஓடியது. சத்தம் வரவில்லை.

“அக்கா, சத்தம் வருதா?”

“இல்லை.”

“நிஜமாவே வரலையா, இல்ல உனக்கு வரலையா?”

அப்படித்தான் பேசுவாள். வாய் அதிகம். ஆனால் அன்று நிஜமாகவே வரவில்லை. இரண்டு மணி நேரம் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தாள். கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தாள். டிவி அந்தச் சத்தத்தை ஐந்தாறு ஸ்பீக்கருக்குமாகச் சேர்த்து மூட்டை கட்டி அனுப்புகிறது. இந்தப் பெட்டிக்கு மூட்டையை அவிழ்க்கத் தெரியாது, அதனால் வாயை மூடிக்கொள்கிறது. மூட்டை கட்டாமல் சும்மா அனுப்பு என்று டிவியிடம் சொல்லவேண்டும். அதற்குப் பேர் பிசிஎம். அவள் அதை அமுக்கினாள், சத்தம் அணை உடைந்த மாதிரி கொட்டியது. பயந்து எழுந்து மேஜையில் தலையை இடித்துக்கொண்டு, அதற்கும் சிரித்தாள்.

நன்றாகக் கேட்டது. அதை நான் மறைக்கமாட்டேன். பல வருஷங்களுக்குப் பிறகு, செய்தி வாசிப்பவர் என்ன சொல்கிறார் என்று இன்னொருத்தர் சொல்லாமலே தெரிந்துகொண்டேன்.

ஒரு தாளில் எழுதி டிவியின் ஓரத்தில் ஒட்டினாள். சத்தம் வரவில்லை என்றால் மெனு, அப்புறம் சவுண்ட், அப்புறம் டிஜிட்டல் அவுட்புட், அப்புறம் பிசிஎம். பிறகு ஸ்டீரியோவின் திருகைக் காட்டினாள். இனிமேல் ரிமோட்டில் சத்தம் ஏறாது, இறங்காது, எல்லாம் இந்தத் திருகில்தான் என்றாள். தன் நகப்பூச்சை எடுத்துவந்து அந்தத் திருகைச் சுற்றி ஒரு இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தாள்.

“இதுக்கு மேல போகாதே அக்கா. போனா எதிர்வீட்டுக்காரங்க போலீஸைக் கூப்பிடுவாங்க.”

கூப்பிடவில்லை. அதுதான் வேடிக்கை.

அப்புறம் மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், “நான் போனப்புறம் உனக்கு ஒழுங்கா கேக்கணும்ல.” அவள் வேறொன்றும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அப்போதுதான் விளங்கியது, இத்தனை ஒயரும் எனக்காக இல்லை என்று. தனக்குப் பதிலாக ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போகிறாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், புதன்கிழமை மத்தியானம், துணிப்பெட்டி அடுக்க உள்ளறைக்குப் போனாள். அந்த அறையைப் பற்றிப் போலீஸில் நீங்கள் ஏற்கெனவே எழுதிவைத்திருப்பீர்கள். முன்னால் இருந்தவர்கள் அதைச் சாப்பாட்டு அறையாக வைத்திருந்தார்கள். அதனால் சமையலறைச் சுவரில் தட்டு நகர்த்தும் அளவுக்கு ஒரு சின்னக் கதவு உண்டு. ஒட்டினாற்போல ஒரு குளியலறை. ஜன்னல் இருக்கிறது, கம்பி போட்டது, திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் கைக்கு எட்டும். கதவு பழைய காலத்து மரம், வெளிப்பக்கமும் தாழ்ப்பாள் உண்டு.

நான் கதவைத் தாண்டிப் போகும்போது தாழ்ப்பாளைப் போட்டேன். முன்கூட்டி யோசித்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. தாழ்ப்பாளைப் போட்டது கை. அதை எடுக்காமல் விட்டது நான். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு மணி நேரம் என்றுதான் நினைத்தேன், உட்கார்ந்து யோசிக்கட்டும் என்று. அவள் போன் கூடத்து மேஜையில் சார்ஜில் இருந்தது. ஒரு மணி ஆனதும் இன்னும் ஒரு மணி என்று நினைத்தேன். ராத்திரி ஆனபிறகு திறந்தால் கேள்வி வரும். மறுநாள் பதினொரு மணிக்குப் பதிவு. அந்த நேரம் தாண்டிவிட்டால் திறந்துவிடலாம் என்று வைத்துக்கொண்டேன். தாண்டியது. அப்புறம் எப்படித் திறப்பது? தாழ்ப்பாள் அந்தப் பக்கம் அவளைப் பூட்டியிருந்தது, இந்தப் பக்கம் என்னை. நானும் அந்தப் பதினோரு நாளில் கால் மணிக்கு மேல் வெளியே போகவில்லை. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

முதல் மூன்று நாள் தட்டினாள். இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள். அது எனக்கு நன்றாகவே கேட்டது. கனமான சத்தம், தரை வழியாகக் காலுக்கே வரும். அந்த மாதிரிச் சத்தம் சுவர் தாண்டும் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஒருவருக்கு ஒரு காது நல்ல காது, ஒன்று கெட்ட காது என்றால், கெட்ட காதைச் சோதிக்கும்போது நல்ல காது திருட்டுத்தனமாகக் கேட்டுவிடும். அதனால் நல்ல காதுக்குள் ஷ்ஷ் என்று ஒரு இரைச்சலை விடுவோம். அந்தக் காது அதிலேயே மூழ்கிக் கிடக்கும், மற்றதைக் கவனிக்காது. எதிர்வீட்டில் ஒரு தையல்காரி இருக்கிறாள். அவள்தான் நல்ல காது. நான் திருகைச் சிவப்புப் புள்ளிக்கு மேலே கொண்டுபோனேன். முதலில் ஒரு விரற்கடை, பிறகு இன்னொன்று. விடாமல் பேசுகிற, விடாமல் பாட்டுப் போடுகிற சேனலாகப் பார்த்து வைத்தேன்.

அவளைப் பட்டினி போட்டேன் என்று யாரும் சொல்லமுடியாது. மூன்று வேளையும் சின்னக் கதவைத் திறந்து தட்டை நகர்த்தினேன். அப்போது முகத்துக்கு முகம் பேசிக்கொள்வோம்.

“அக்கா, விளையாடாதே. திற.” அது முதல் நாள்.

“உனக்கு என்னதான் வேணும்? சொல்லு, செய்யறேன்.” அது இரண்டாம் நாள்.

அந்தக் கல்யாணத்தை விட்டுவிடு என்றேன்.

“விட்டுட்டேன். திற.”

ஒரு நொடியில் சொல்லிவிட்டாள். அவ்வளவு சீக்கிரம் விட்டவள் விட்டவளா? சின்ன வயதிலும் அப்படித்தான், அடிக்குப் பயந்து சரி என்பாள், திரும்பினால் அதையே செய்வாள். நான் சின்னக் கதவைச் சாத்திவிட்டேன்.

நாலாம் நாள் தட்டுவது நின்றது. எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லமுடியாது. அவள் கை வீங்கியிருந்ததாக உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறார், இருக்கலாம். ஆனால் அவள் சமாதானமாகிவிட்டாள் என்பதுதான் உண்மை. சின்னக் கதவைத் திறந்தால் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள், முகம் காட்டமாட்டாள். தட்டை வைத்துவிட்டு வந்தால் பிற்பாடு காலியாக இருக்கும். கூப்பிடுவதும் இல்லை, கத்துவதும் இல்லை. வீடு பழையபடி ஆகிவிட்டது. நான் கூடத்தில் டிவி பார்ப்பேன், அவள் உள்ளே இருப்பாள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும். அதைத்தானே நான் கேட்டேன்.

கண்ணாடிக்காரர் வந்ததைச் சொல்லவேண்டும். வியாழக்கிழமை மத்தியானமே வந்தார், புதுச் சட்டையில். பதிவு அலுவலகத்தில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். அவளுக்கு மனசு சரியில்லை, வெளியூரில் சித்தி மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள், கொஞ்சம் யோசிக்கட்டும் என்றேன். டிவி சத்தத்தில் நான் சொன்னதை இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டு படியிறங்கினார். பாவமாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் பாப்பாவின் போனிலிருந்து அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். “எனக்கு யோசிக்கணும். வந்து பார்க்க வேண்டாம். நானே கூப்பிடறேன்.” அவள் எழுதுவது போலவே எழுதினேன். அவளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ தையல்காரி கதவைத் தட்டினாள். என்னைக் காது டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவாள், கிண்டலாக. சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள், அது கையைக் காட்டியதில் புரிந்தது. அப்புறம் ஏதோ கேட்டாள். அவள் எப்போதும் வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டுதான் பேசுவாள், அந்தப் பேச்சு யாருக்கு விளங்கும்? நான் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். அவளும் சிரித்துவிட்டுப் போனாள்.

அவள் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தை வக்கீல் படிக்கக் கொடுத்தார். “எந்த சீரியல் அது டாக்டரம்மா, ஒரு பொம்பளை அக்கா அக்கான்னு அழுதுட்டே இருக்காளே, இன்னும் எத்தனை நாள் அழுவா?” என்று கேட்டாளாம். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேனாம். இதை ஏன் இப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. சீரியலில் அழாத பொம்பளை யார் இருக்கிறாள்? எதையாவது கேட்டிருப்பாள்.

ஒன்பதாம் நாள் காலையில் வைத்த தட்டு மத்தியானமும் அப்படியே இருந்தது. கட்டில் காலி. குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. நான் சின்னக் கதவு வழியாக இரண்டு தடவை பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டேன், பதில் இல்லை. கோபம் வந்தால் குளியலறையில் போய் உட்கார்ந்துகொள்வது அவளுடைய ஆறு வயதுப் பழக்கம். அப்பா கெஞ்சினால்தான் வெளியே வருவாள். நான் அப்பா இல்லை. பழைய தட்டை எடுத்துவிட்டுப் புதுத் தட்டை வைத்தேன். பத்தாம் நாளும் அப்படியே.

போய்ப் பார்த்திருக்கலாமே என்று உங்கள் முகத்தில் இருக்கிறது. பார்த்திருக்கலாம். தாழ்ப்பாளை எடுத்ததும் அவள் ஓடிவந்து தள்ளிவிட்டுப் போயிருந்தால்? எனக்கு அறுபத்தாறு வயது. அதைவிட ஒரு விஷயம் சொல்கிறேன், இதை எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்னைக் கூப்பிட்டிருப்பாள். விழுந்தாலும் நொண்டினாலும் முதலில் வருகிற வார்த்தை அக்காதான், ஐம்பத்தெட்டு வருஷமாக. கூப்பிட்டிருந்தால் அந்த நொடியே கதவைத் திறந்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். இரண்டு நாளும் அந்தக் கதவுக்கு ஐந்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் கூப்பிடவே இல்லை.

பதினோராம் நாள், சனிக்கிழமை. டிவி திரையில் கட்டம் கட்டி ஒரு அறிவிப்பு வந்து நின்றது. புதிதாக ஏதோ அப்டேட் வந்திருக்கிறது, ஏற்றிக்கொள்ளவா என்று கேட்டது. இதற்கு முன்பு வந்தால் பாப்பா பார்த்துக்கொள்வாள். அது படத்தை மறைத்துக்கொண்டு நின்றதால் சரி என்பதை அமுக்கினேன். திரை இருண்டது. அதே நேரம் வாசல் கதவுக்கு அடியில் நிழல் தெரிந்தது. யாரோ நிற்கிறார்கள். போய்த் திறந்தேன்.

கண்ணாடிக்காரர். அன்று பழைய சட்டைதான். கையில் ஒரு சின்ன டப்பா. அவர் என்னை எப்போதும் அக்கா என்றுதான் சொல்வார், எனக்குப் பிடிக்காது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் உதடு நல்ல தெளிவு, சொல்லியாகவேண்டும்.

“அக்கா, இது அவளோட கண்ணாடி. புது லென்ஸ் போட என்கிட்ட குடுத்திருந்தா. கல்யாணத்தன்னிக்குக் குடுக்கணும்னு வச்சிருந்தேன்.”

அவள் வந்ததும் கொடுக்கிறேன் என்று கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

“அவகிட்ட இருந்த பழசும் கல்யாண வாரம் உடைஞ்சுபோச்சு. இது இல்லாம அவளால ஒரு எழுத்துப் படிக்கமுடியாது, கையை எவ்வளவு தூரம் நீட்டினாலும் முடியாது. பத்து நாளா யோசிக்கிறேன். அந்த மெசேஜை அவ எப்படிப் போட்டா?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சித்தி மகளைப் போடச் சொல்லியிருப்பாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது.

முப்பத்தோரு வருஷம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த முகத்தைத்தான் அம்மா. ஒரு சத்தம் வந்து சேரும்போது மனுஷ முகத்தில் ஒன்று நடக்கும். பட்டனை அழுத்துவதற்கு முன்பே கண் ஒரு பக்கம் போகும், கழுத்து ஒரு நூல் சாயும், மூச்சு நிற்கும். ஆயிரம் பேரிடம் பார்த்திருக்கிறேன், பொய்யாகச் செய்யமுடியாது. அவர் அப்படி நின்றார். என்னைத் தாண்டி உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் தையல்காரியின் கதவு திறந்தது. அவள் முகத்திலும் அதே.

இவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள், வாய் நன்றாக அசைந்தது. படம் ஓடுகிறதே, சத்தமும் ஓடுகிறது என்றுதான் நினைத்தேன். புதிதாக ஏற்றிக்கொண்ட டிவி பழையபடி மூட்டை கட்டி அனுப்ப ஆரம்பித்திருக்கிறது, பெட்டி வாயை மூடிக்கொண்டிருக்கிறது, இதெல்லாம் பிற்பாடு அவர்கள் சொல்லித்தான் தெரியும். பாப்பா எழுதி ஒட்டிய தாள் டிவி ஓரத்திலேயே இருந்தது. அதைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

“அவ கூப்பிடறா” என்றார் கண்ணாடிக்காரர். மெதுவாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன், உதடு அதிகம் அசையவில்லை.

யாரும் கூப்பிடவில்லையே என்றேன்.

அவர் என்னைத் தள்ளவில்லை, தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார், நாற்காலியை நகர்த்துவது போல. தாழ்ப்பாளை எடுத்தது அவர்தான்.

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. இரண்டு நாளாக அப்படியே கிடந்திருக்கிறாள். குழாய் கைக்கு எட்டாத உயரத்தில். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்விட்டாள். நான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிதான், ஆனால் என்னை உள்ளே விடவில்லை. கடைசியில் தொண்டை கட்டிக் குரலே இல்லை என்று கண்ணாடிக்காரர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். விழுந்த அதிர்ச்சியாக இருக்கும்.

பூட்டி வைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொய்யாகச் செய்தி அனுப்பியது நான். புள்ளிக்கு மேலே திருகை வைத்தது நான். அவள் செத்ததற்கு அந்தத் தாழ்ப்பாள்தான் காரணம் என்றால், அதைப் போட்ட கை இது. எந்தத் தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் தட்டுவது நின்றபிறகும் அவள் ஏழு நாள் கத்தினாள், அதில் கடைசி இரண்டு நாள் அக்கா, தண்ணி என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள், நான் கேட்டும் கேட்காத மாதிரி டிவி பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் மட்டும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். அப்படிப்பட்டவள் இல்லை நான்.

இதற்காகத்தான் நேற்று என்னைக் காது பரிசோதனைக்குக் கூட்டிப்போனீர்கள் என்று தெரியும். அதே பெட்டி அறைதான், மெத்தையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். முதல் தடவையாக உள்பக்கம் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினால் உள்ளே எவ்வளவு குறுகலாக இருக்கிறது என்பது இத்தனை வருஷம் தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண். நான் கற்றுக்கொடுத்தவள் இல்லை, ஆனால் நான் கற்றுக்கொடுத்தவர்களிடம் கற்றிருப்பாள். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தாள், கையைக் காட்டவில்லை. நல்ல வேலைக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் நாலைந்து சத்தம் அனுப்பினாள். கனமான சத்தங்கள், கதவைத் தட்டுவது போல. ஒன்றைக்கூட விடாமல் அழுத்தினேன். அதற்குப் பிறகு நிறுத்திவிட்டாள். ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் பட்டனைப் பிடித்தபடி, அவளையே பார்த்துக்கொண்டு, இருபது நிமிஷம் பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் அம்மா, பரிசோதனை சரியாக நடக்கவில்லை. அந்தப் பெண் அதற்குமேல் ஒரு சத்தம்கூட அனுப்பவே இல்லை.